ஜேசிபி, டிப்பர், ரிக் வண்டி டயரை மெஷினில் கழற்றி மாட்டுவது எப்படி: புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் சாலையோரம் என் கடை. 11 வருடம் லீவரும் சம்மட்டியுமாக லாரி டயர் கழற்றினேன். கனரக டயர் மெஷின் போட்டு மூன்று வருடம் ஆகிறது. மெஷின் வாங்கும்போது செய்த அவசரத்தில் 63,000 ரூபாய் போனது. ஓட்டிப் பழகுவதற்குள் இரண்டு ரிம்மும் ஒரு புது ட்யூபும் வீணாயின. விற்றவர்கள் அனுப்பிய ஆள் அரை நாள் ஓட்டிக் காட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு கேட்க ஆள் இல்லை, தமிழில் எழுதிவைத்ததும் எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது இந்த வேலையில் இறங்க நினைக்கும் தம்பிகள் மாதம் ஒருவராவது கடைக்கு வந்து விசாரிக்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: மெஷின் உங்கள் முதுகையும் தோளையும் காப்பாற்றும். ஆனால் இந்தத் தொழிலில் ஆளைக் கொல்வது காற்று. அந்தக் காற்றை மெஷின் பார்த்துக்கொள்ளாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

1. மெஷினுக்கு முன்னால் ரிம்மை எண்ணுங்கள்

கேட்லாக்கைப் பார்த்து மெஷினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு நோட்டு வாங்கி, இரண்டு வாரம் உங்கள் பக்கத்தில் ஓடும் வண்டிகளின் டயர் அளவை எழுதுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். எங்கள் பக்கம் ட்யூப் போட்ட பழைய லாரி, ரிக் (போர்வெல் போடும்) வண்டிகளில் 10.00-20, புது லாரிகளில் ட்யூப்லெஸ் 295/80 ஆர் 22.5, ஜேசிபி முன் சக்கரம் 9.00-16, பின் சக்கரம் 16.9-28, டிராக்டர் பின் சக்கரம் 13.6-28 அல்லது 14.9-28, ரோடு போடும் கிரேடரில் 14.00-24, குவாரி லோடரில் 23.5-25. கடைசியில் வரும் எண்தான் ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கில்.

சந்தையில் அதிகம் கிடைப்பது 14 முதல் 26 அங்குல ரிம்முக்கான மெஷின். லாரிக்கு அது தாராளம். ஜேசிபி பின் சக்கரமும் டிராக்டர் பின் சக்கரமும் 28 அங்குலம் என்பதை இங்கே கவனியுங்கள். "ஜேசிபி எல்லாம் ஏறுமுங்க" என்று வாயால் சொல்வார்கள். ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் மெஷின் நகம் நடு ஓட்டையில் கவ்வினால்கூட, டயரை இழுக்கும் கொக்கி இருக்கும் கை ரிம் விளிம்புவரை எட்ட வேண்டுமே? சில மெஷினுக்கு நீட்டிப்பு நகம் தனி விலைக்குத் தருவார்கள். சிலவற்றுக்குக் கிடையாது, அடுத்த பெரிய மாடலுக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு பொறி: ரிம் அளவை மட்டும் பார்ப்பது. 23.5-25 டயரின் ரிம் 25 தான், 26 அங்குல மெஷினுக்குள் அடங்கும் என்று தோன்றும். ஆனால் அந்த டயரை நிமிர்த்தி வைத்தால் சுமார் 1.6 மீட்டர் உயரம், என் தோளைத் தாண்டும். மெஷின் தாங்கும் எடை, டயரின் மொத்த விட்டம், அகலம், ரிம் விட்டம் ஆகிய நான்கையும் கொட்டேஷனில் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர யோசிக்கிறார்கள் என்றால் அந்த மெஷின் உங்களுக்கு வேண்டாம். முடிந்தால் ஒரு 16.9-28 சக்கரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் இடத்திலேயே கழற்றி மாட்டச் சொல்லிப் பாருங்கள். ஏற்றுக் கூலி, வண்டி வாடகை போனாலும் பரவாயில்லை.

2. பணம் கட்டுவது கடைசி வேலை

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மெஷின் விலை 3,50,000. ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 63,000. மொத்தம் 4,13,000 ரூபாய். மாதக் கடைசிக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டிவிட்டேன். என் ஜிஎஸ்டி எண் அதற்குப் பிறகுதான் வந்தது. மெஷின் போன்ற மூலதனப் பொருளைப் பதிவுக்கு முன்னால் வாங்கியிருந்தால், அதில் கட்டிய வரியைத் திரும்ப வரவு எடுக்க முடியாது. பதிவு நாளில் கையிருப்பில் இருக்கும் சரக்குக்குத்தான் அந்தச் சலுகை. ஆடிட்டர் இதைச் சொன்னபோது பில் தேதியையும் பதிவுத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் 19 நாள்.

சேவை மட்டும் செய்பவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதற்குக் கீழே இருந்தாலும் விருப்பப் பதிவு எடுக்கலாம். எடுத்தால் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்ய வேண்டும், ஆடிட்டர் கூலி வரும். குவாரி, கட்டுமான கம்பெனிகளின் வேலையை எதிர்பார்க்கிறீர்கள் என்றால் எடுத்துவிடுங்கள், அவர்கள் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழிலுக்கான எளிய வரித் திட்டம்) சேர்ந்தால் மெஷினுக்குக் கட்டிய வரி வரவாகாது, அதையும் மனதில் வையுங்கள்.

நான் இப்போது சொல்லும் வரிசை இது. முதலில் இடத்துக்கான வாடகை ஒப்பந்தம். கூடவே உரிமையாளரின் சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது, சம்மதக் கடிதம். இந்த நான்கும் அடுத்து வரும் எல்லா இடத்திலும் கேட்கப்படும், ஐந்து செட் நகல் எடுத்து வையுங்கள். ஒப்பந்தத்தில் கதவு எண்ணும் வரி ரசீதில் கதவு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அது மாறியிருந்தால் எல்லா விண்ணப்பமும் திரும்பும். அடுத்து உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பான் கார்டும் போதும், அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளம் எல்லாம் தரகர் தளம். பிறகு உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ தொழில் உரிமம். பிறகு ஜிஎஸ்டி. ஆதார் சரிபார்ப்பு சிக்கலில்லாமல் முடிந்தால் ஏழு வேலை நாளில் எண் வரும், இடத்தைப் பார்க்க ஆள் வருவதாக இருந்தால் 30 நாள்வரை போகும்.

கடனும் மானியமும் வேண்டும் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைக் கேளுங்கள். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்குக் கிடைக்கும். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. சேவைத் திட்டம் 5 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். மானியத் தொகை கையில் வராது, வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். இதிலும் அதே பொறி உண்டு: புதுத் தொழிலுக்குத்தான் இந்தத் திட்டம். கடன் அனுமதி வருவதற்கு முன்பே மெஷினை இறக்கி வேலையை ஆரம்பித்துவிட்டால் வாய்ப்பு போய்விடும். கொட்டேஷன் மட்டும் வாங்கிக் கொடுங்கள், பணம் கட்டாதீர்கள்.

மெஷின் வந்து இறங்கும் நாளில் பில்லில் உள்ள சீரியல் நம்பரையும் மெஷின் தகட்டில் உள்ள நம்பரையும் ஒத்துப் பார்த்து போட்டோ எடுத்துவிடுங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

3. தரை, கரண்ட், கூண்டு

மெஷின் நிற்கும் இடம் மட்டம் பார்த்துப் போட்ட கான்கிரீட்டாக இருக்க வேண்டும். ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கான்கிரீட் போட்ட மறுநாளே மெஷினை ஏற்றாதீர்கள், குறைந்தது மூன்று வாரம் தண்ணீர் விட்டு ஆறவிடுங்கள். மெஷினைச் சுற்றிலும், ஜேசிபி சக்கரத்தை உருட்டித் திருப்ப இடம் வேண்டும்.

த்ரீ பேஸ் இணைப்பு கட்டாயம். எனக்கு விண்ணப்பித்ததிலிருந்து மீட்டர் வைக்க ஒன்றரை மாதம் ஆனது, அதனால் இதை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பிரிவென்டர் வையுங்கள். ஒருமுறை வெளியே லைன் வேலை பார்த்துவிட்டுப் போன பிறகு மெஷின் ஓடியது, கை மட்டும் தூக்கவே இல்லை. பம்பு கெட்டுப்போனது என்று நினைத்து ஒரு நாள் வேலையை நிறுத்தினேன். கடைசியில் பேஸ் வரிசை மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது. மோட்டார் மேல் அம்புக்குறி இருக்கும். லைன் வேலை நடந்த நாளெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுங்கள்.

கம்ப்ரசர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் காலையில் திறந்துவிடுங்கள். விடாவிட்டால் அந்த ஈரம் டயருக்குள் போகும், ரிம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

காற்று பிடிக்கும்போது டயரை உள்ளே வைக்கும் இரும்புக் கூண்டை மெஷினோடு சேர்த்தே செய்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்றால் அது வரவே வராது. எங்கள் ஊர் வெல்டரிடம் கனமான குழாயில் செய்தது, 18,000 ஆனது. கம்ப்ரசர், 20 டன் ஜாக்கி இரண்டு, தாங்கு கட்டைகள், கான்கிரீட், வயரிங் எல்லாம் சேர்த்து மெஷின் விலைக்கு மேல் இன்னும் இரண்டு லட்சம் எனக்குப் பிடித்தது. மெஷின் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமர் சுரக்ஷா பீமா போடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். அது போதாது, தனியாக விபத்துக் காப்பீடும் எடுங்கள். 18 வயது ஆகாத பையனைக் காற்று பிடிக்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள்.

4. வண்டியைத் தூக்குதல்

ஜேசிபி வந்தால் ஓட்டுநர் முதலில் சொல்வது, "பின் காலை ஊன்றித் தூக்கிக்கலாம், ஜாக்கி எதுக்குங்க?" தூக்குவதற்கு அது நல்ல வழிதான். தூக்கிய பிறகு அதை நம்பி நிற்காதீர்கள். ஹைட்ராலிக் ஆயில் எந்த சீல் வழியாகவும் மெதுவாக இறங்கும். அச்சுக்கு அடியில் கெட்டியான மரக்கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்து, எடை அதன் மேல் உட்கார்ந்த பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் உதவாது, நொறுங்கும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

மண் தரையில் வேலை என்றால் ஜாக்கிக்கு அடியில் அகலமான இரும்புத் தகடு வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இதை மறந்தால் ஜாக்கி சாய்ந்துவிடும்.

5. நட்டைத் தொடும் முன் காற்றை இறக்குங்கள்

இந்த ஒரு படிக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

சக்கரம் வண்டியில் இருக்கும்போதே வால்வு பின்னை முழுதாகக் கழற்றிக் காற்றை வெளியேற்றுங்கள். பின்னை அழுத்திப் பிடித்து இறக்குவது கணக்கில் வராது, கழற்றியே ஆக வேண்டும். ஜோடிச் சக்கரம் என்றால் உள் டயர், வெளி டயர் இரண்டுக்குமே. காரணம் இருக்கிறது. ரிம்மில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், அதுவரை அதைச் சேர்த்துப் பிடித்திருப்பது வீல் நட்டுகள்தான். நட்டைத் தளர்த்தும் கணத்தில் உள்ளே இருக்கும் காற்று ரிம்மை உங்கள் மேல் எறியும்.

போன மாதம் ஒரு டிப்பர் ஓட்டுநர் அவசரத்தில் இருந்தார். "ஏனுங்கண்ணா, காத்து இருந்தாத்தான் டயரு கெட்டியா நிக்கும், உருட்டிக்கிட்டுப் போக வசதியா இருக்குமுங்க. கழட்டிட்டு எறக்கிக்கலாம்" என்றார். "எறக்கிட்டுத்தான் தம்பி நான் நட்டுலயே கைய வைப்பேன்" என்றேன். டீ குடிக்கப் போய்விட்டு வந்தார். அவ்வளவு நேரம்தான் ஆகும்.

சத்தம் நின்றதும் காற்று போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வால்வுத் துளையில் மண்ணோ துருவோ அடைத்துக்கொள்ளும். காற்று வேகமாக வெளியேறும்போது வால்வு ஜில்லிட்டு, உள்ளே ஈரம் இருந்தால் பனிக்கட்டியே உறைந்து துளையை மூடிவிடுவதும் உண்டு. ஒரு மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டுக் குத்திப் பாருங்கள். முகத்தை வால்வுக்கு நேரே வைக்காதீர்கள். ஒருமுறை ஐந்து நிமிடம் ஊதி அடங்கிய டயரில் கம்பியை விட்டதும் மறுபடி "உஸ்ஸ்" என்று கிளம்பியது. டயரைத் தொட்டுப் பார்த்தபோது பக்கச்சுவர் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது, சத்தத்தை நம்பியதால் அதை நான் முதலில் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று வால்வு சாவியோடு சேர்த்தே கட்டித் தொங்குகிறது.

டிராக்டர் பின் டயரிலும் சில ஜேசிபி டயரிலும் எடைக்காகத் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். உருட்டும்போது களக் களக் என்று கேட்டால் தண்ணீர்தான். வால்வைக் கீழே கொண்டுவந்து முழுதும் வடிய விடுங்கள். தண்ணீரோடு மெஷினில் ஏற்றினால் எடை எங்கேயோ போய்விடும்.

6. எந்த வகை ரிம் என்று நின்று பாருங்கள்

ஒரே துண்டாக, நடுவில் குழி விழுந்த ரிம்: ட்யூப்லெஸ் லாரி, ஜேசிபி, டிராக்டர் எல்லாம் இந்த வகை. குழி ரிம்மின் சரியான நடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். குழி எந்தப் பக்கம் நெருங்கியிருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் டயர் வரும், போகும். மறுபக்கம் முயன்றால் பீடு கிழியும். டயர் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும், உள்ளே இரும்புக் கம்பி ஓடும் விளிம்பைத்தான் பீடு என்கிறோம். அது ஒருமுறை கிழிந்தால் அந்த டயர் குப்பைக்குத்தான்.

லாக் ரிங் ரிம்: 10.00-20 போன்ற ட்யூப் டயர்களில் ரிம், பக்க வளையம், அதை வெளியே வராமல் பூட்டும் லாக் ரிங் எனத் துண்டு துண்டாக இருக்கும். குவாரி லோடரின் 25 அங்குல ரிம்மில் ஐந்து துண்டும் ஒரு ரப்பர் ஓ-ரிங்கும் இருக்கும். எந்த ரிம்மிலிருந்து கழற்றிய வளையமோ அதே ரிம்முக்குத்தான் திரும்ப வேண்டும். நான் சாக்பீஸால் ரிம்மிலும் வளையத்திலும் ஒரே எண்ணை எழுதிவிடுவேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ரிங்குகளை மாற்றிப் போட்டால், உட்கார்ந்தது போலத் தெரியும், ஆனால் உட்கார்ந்திருக்காது.

இரண்டு பாதியைப் போல்ட் போட்டுச் சேர்த்த ரிம்: ஃபோர்க்லிப்ட்டில் அதிகம். சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டு தெரியும். ஒன்று வண்டியில் பூட்டுவது, மற்றொன்று ரிம்மின் இரு பாதியைச் சேர்ப்பது. காற்றோடு இரண்டாவதைத் தளர்த்தினால் ரிம் பிளந்து எழும். தெரியாத ரிம் வந்தால் அன்றைக்கு அந்த வேலையை எடுக்காதீர்கள், தெரிந்தவரை அழைத்துப் பாருங்கள்.

7. மெஷினில் ஏற்றிக் கழற்றுதல்

சக்கரத்தை மெஷின் மேடையின் மேல் உருட்டி நிறுத்துங்கள். சக் கையை (நகங்கள் இருக்கும் கை) இறக்கி, மூடிய நகங்களை நடு ஓட்டைக்குள் விட்டு விரியுங்கள். நடு ஓட்டையில் கவ்வுவதுதான் உறுதி. லாக் ரிங் ரிம் என்றால் ரிங் பக்கம் உங்கள் கருவிப் பக்கம் இருக்க வேண்டும். குழி ரிம் என்றால் குழி நெருங்கிய பக்கம். கவ்வியதும் தரையிலிருந்து இரண்டு விரல் உயர்த்தி ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தள்ளாடினால் இறக்கி மறுபடி கவ்வுங்கள். தள்ளாடும் ரிம்மோடு வேலை செய்துதான் என் முதல் ரிம்மின் விளிம்பு வளைந்தது.

பீடைச் சுற்றி டயர் பேஸ்டோ கெட்டியான சோப்புக் கரைசலோ தாராளமாகப் பூசுங்கள். கிரீஸ், டீசல், பழைய ஆயில் எதுவும் வேண்டாம். ரப்பரை ஊறவைத்து இளக்கிவிடும், பிறகு ரிம்முக்குள் டயர் வழுக்கும்.

இனி தட்டுக் கருவி, அதாவது பீடைத் தள்ளும் வட்டத் தட்டு. அதன் விளிம்பு ரிம் விளிம்பைத் தொடாமல், அரை சென்டிமீட்டர் தள்ளி, பீடின் மேல் பட வேண்டும். சக்கரத்தைச் சுற்றவிட்டு, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். ஒரே அழுத்தில் தள்ளாதீர்கள். பல மாதம் ஒட்டிக் கிடந்த டயர் முதல் இரண்டு சுற்றுக்கு அசையாது. மூன்றாவது சுற்றில் ஓரிடத்தில் மட்டும் ரப்பர் ரிம்மை விட்டு விலகி, ஒரு கறுப்புக் கோடு போல இடைவெளி தெரியும். அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விடுங்கள். அதன் பிறகு சுற்றிலும் தானாக விடும். முன் பக்கம் முடிந்ததும் கையைத் திருப்பிப் பின் பக்கமும் இப்படியே.

லாக் ரிங் ரிம்மில், தட்டால் பக்க வளையத்தை உள்ளே அழுத்தினால் ரிங் தளரும். லீவரை ரிங்கின் வாயில் கொடுத்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே வெளியே எடுங்கள். பிறகு பின் பக்கமிருந்து தட்டால் தள்ளினால் டயர் ட்யூபோடும் ஃபிளாப்போடும் (ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பட்டை) மொத்தமாக நகர்ந்து வரும். வால்வு ரிம் ஓட்டையில் மாட்டியிருக்கிறதா என்று இந்த நேரத்தில் பார்க்காமல் விட்டதால்தான் என் புது ட்யூப் கிழிந்தது. வால்வை உள்ளே தள்ளிவிட்டுத்தான் டயரைத் தள்ளுங்கள்.

குழி ரிம்மில் கொக்கியை ரிம்முக்கும் பீடுக்கும் நடுவே விட்டு, பீடை மாட்டி வெளியே இழுத்துச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கொக்கி இருக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் பீடு குழிக்குள் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் டயர் நீளாது, மெஷின் முனகும். முனகினால் பெடலை விட்டுவிடுங்கள். மெஷினின் பலத்தால் முடிக்கலாம் என்று மிதிக்கக் கூடாது.

மெஷின் சுற்றும்போது கையை டயருக்கும் கருவிக்கும் நடுவில் விடாதீர்கள். பெடலை மிதிப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால், "சுத்தட்டுமா?" என்று கேட்டு மற்றவர் பதில் சொன்ன பிறகுதான் மிதிக்க வேண்டும்.

8. மாட்டுதல்

ரிம்மைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பீடு உட்காரும் இடமும் லாக் ரிங் உட்காரும் பள்ளமும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். விரிசல், வளைவு இருந்தால் அந்த ரிம்மைப் போடாதீர்கள். வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். டயர் ரிம்மில் இருக்கும்போது வெல்டிங் வைத்தால் காற்று இறங்கியிருந்தாலும் உள்ளே ரப்பர் கருகி வாயு சேர்ந்து வெடிக்கும்.

டயருக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், ஆணி முனை கையில் படும். ட்யூப் டயர் என்றால் உள்ளே ட்யூப் பவுடர் தூவுங்கள், ஃபிளாப் மடங்காமல் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓ-ரிங் உள்ள ரிம்முக்கு ஒவ்வொரு முறையும் புது ஓ-ரிங் போடுங்கள்.

ஜேசிபி, டிராக்டர் பின் டயரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். வலது சக்கரமா இடது சக்கரமா என்று கழற்றும்போதே ரிம்மில் எழுதிவையுங்கள். திசை மாறிப் போட்டால் சேற்றில் பிடிமானம் இருக்காது, முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். எனக்கு அப்படி ஒரு மதியம் முழுக்கப் போனது.

9. காற்று பிடித்தல்

100 பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு, சுமார் 45 கிலோ. லாரி டயரின் பக்கச்சுவர் எத்தனை நூறு சதுர அங்குலம் என்று எண்ணிப் பாருங்கள். லாக் ரிங்கைத் தள்ளும் விசை டன் கணக்கில் வரும்.

மெஷின் வந்த நான்காவது மாதம், 10.00-20 டயர் ஒன்று கூண்டுக்குள் 60 பிஎஸ்ஐ தாண்டியதும் ரிங் எகிறியது. வெடிச் சத்தம் கேட்டு எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். கூண்டின் நடுக்குழாய் வில் மாதிரி வளைந்திருந்தது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. ரிம்மைத் திருப்பிப் பார்த்தபோது, ரிங் உட்காரும் பள்ளத்தில் கட்டை விரல் நகம் அளவு துருச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. அவ்வளவு சிறியதுதான் காரணம். வளைந்த கூண்டை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது, அன்றே புதுக் கூண்டுக்குச் சொன்னேன்.

ஆகவே லாக் ரிங் டயருக்குக் கூண்டு இல்லாமல் காற்று கிடையாது. கூண்டைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். குழாய் மூன்று மீட்டருக்குக் குறையாத நீளம், வால்வில் தானே கவ்விக்கொள்ளும் கிளிப், உங்கள் கையருகில் கேஜும் அடைப்பானும். பக்கச்சுவருக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. ஐந்து, பத்து பிஎஸ்ஐ ஏறியதும் நிறுத்தி, ரிங் சுற்றிலும் ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். உட்காரவில்லையென்றால் காற்றை முழுதும் இறக்கிவிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். காற்றோடு சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் உட்கார்ந்துவிடும் என்பது கடைக்குக் கடை சொல்லப்படும் பேச்சு. அப்படித் தட்டியவர்களில் எத்தனை பேர் கையும் கண்ணும் இழந்திருக்கிறார்கள்.

ட்யூப் டயருக்கு ஒருமுறை காற்று பிடித்துப் பீடு உட்கார்ந்ததும், பின்னைக் கழற்றி முழுதும் இறக்கி, மறுபடி பிடியுங்கள். ட்யூபில் விழுந்த மடிப்பு இதனால் எடுபடும். ஒரு மாதத்தில் காரணமே இல்லாமல் பஞ்சராகி வரும் புது ட்யூப்களில் பாதி, இந்த மடிப்பால் வருவதுதான் என்பது என் அனுபவம்.

ஜேசிபி, டிராக்டர் பின் டயரில் பீடு உட்கார 35 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாதீர்கள். உட்காரவில்லை என்றால் இறக்கி, சோப்புப் பூசி மறுபடி. அந்த டயர் என் கூண்டுக்குள் நுழையாது. ஒரே துண்டு ரிம் என்பதால், அதை வண்டியில் மாட்டி நட்டு எல்லாவற்றையும் முறுக்கிய பிறகு, நீளக் குழாயோடு தள்ளி நின்று காற்று பிடிக்கிறேன். மெஷின் நகத்தில் இருக்கும்போது முழுக் காற்று ஏற்றுவதில்லை. ட்யூப்லெஸ் டயர் ரிம்மைப் பிடிக்காமல் காற்று கசிந்தால், பெட்ரோலோ ஸ்ப்ரேயோ அடித்துத் தீ வைத்து உட்காரவைக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். மொத்தமாகக் காற்றை அடிக்கும் சிறிய டேங்க் விலைக்குக் கிடைக்கிறது.

காற்றுக் குறைவாக ஓடி வந்த டயருக்கு அப்படியே காற்று ஏற்றுவதும் ஆபத்து. சொன்ன அளவில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும்போது ஓடியிருந்தால், கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் காற்று. ரேடியல் டயரின் உள் கம்பிகள் வரிசையாக அறுந்திருந்தால், காற்று ஏறும்போது பக்கச்சுவர் ஜிப் திறப்பது போலப் பிளக்கும்.

10. பூட்டுதல், நேரம், கூலி

நட்டுகளைச் சுற்று வரிசையில் முறுக்காமல், எதிரெதிராக முறுக்குங்கள். ஏர் கன் ஓட்டிக் கொண்டுவந்து, கடைசி முறுக்கு டார்க் ஸ்பானரில், வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு. கன்னில் மட்டும் முடித்தால் சில நட்டு அளவு மீறி ஸ்டட் இழுபடும், சில தளர்ந்தே இருக்கும்.

கையால் கழற்றிய காலத்தில் ஒரு லாரி ட்யூப் டயருக்கு எனக்கு 40 நிமிடம் பிடித்தது. மெஷினில் இப்போது 15. ஜேசிபி பின் சக்கரம், தூக்கிக் கட்டை கொடுத்து, கழற்றி மாட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம். இதில் மெஷின் ஓடுவது 20 நிமிடம்தான், மிச்சம் எல்லாம் தூக்குவதும் காற்றும் சுத்தம் செய்வதும். கூலி பேசும்போது மெஷின் ஓடும் நேரத்தை வைத்துப் பேசாதீர்கள். முதல் இரண்டு மாதம் நான் அப்படிப் பேசி, மாதத் தவணைக்கே தட்டுப்பட்டது. குவாரிக்குள் போய்ச் செய்யும் வேலைக்கு வண்டி வாடகையைத் தனி வரியாக எழுதுங்கள். மெஷின் அங்கே வராது, கையில் எடுத்துப் போகும் ஹைட்ராலிக் பீடு பிரேக்கர் ஒன்று தனியாக வேண்டும்.

கழற்றிய பழைய டயரை வெளியே போட்டு வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வரும், உள்ளாட்சி ஆட்கள் வந்து அபராதம் போடுவார்கள். கூரைக்கு அடியில் அடுக்கி, வாரம் ஒருமுறை பழைய டயர் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். எரிக்காதீர்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, வண்டி எண், டயர் அளவு, ரிம் நிலை, பிடித்த காற்று, நட்டு முறுக்கியவர் பெயர். லாரி 50 கிலோமீட்டர் ஓடியதும், ஜேசிபி ஒரு நாள் வேலை பார்த்ததும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். இதைப் பில்லிலும் எழுதிக் கொடுக்கிறேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் வண்டி திரும்ப வரவில்லை என்றால் நோட்டைப் பார்த்து ஓட்டுநருக்கு போன் போடுகிறேன்.